ஒத்தப்பலா வளைவு

செவிலியர் கவனக்குறைவாக வண்டி ஓட்டியதே விபத்துக்குக் காரணம் என்று எழுதியிருந்த தாளில் பாவாயி கையெழுத்துப் போடவில்லை. பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"எல்லாரும் போட்டாச்சும்மா. நீங்க ஒருத்தர்தான் பாக்கி" என்றார் வட்டார வளர்ச்சி அலுவலர் சுமித்ரா.

"இத எழுதுனது யாருங்க?"

"விசாரணைக் குறிப்பும்மா இது. ரோட்டுக்காரங்க, தண்ணிக்காரங்க, நம்ம ஆபீஸ், மூணு பேரும் சேர்ந்து எழுதினது."

"மூணு பேர்ல ஒருத்தராச்சும் அந்தக் குழிய எட்டிப் பாத்தீங்களா?"

ரோட்டு இன்ஜினியர் செல்போனைக் குப்புறப் போடுவதும் நிமிர்த்துவதுமாக இருந்தார். எதிர் வரிசையில் மருதூர் நாட்டுப் பஞ்சாயத்துத் தலைவர் அர்த்தனாரி டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அந்தத் தாளில் முதல் கையெழுத்தே அவருடையதுதான்.

"எட்டிப் பாக்காதவங்க எழுதுனதுல எனக்குக் கையெழுத்து வராதுங்க" என்று சொல்லிவிட்டுப் பாவாயி எழுந்து வெளியே வந்தாள். கோபத்தில்தான் எழுந்து போகிறாள் என்று அங்கிருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். கோபம் பாதிதான்.

பாவாயி வேங்கூர் நாட்டுப் பஞ்சாயத்துத் தலைவி. வயது நாற்பத்து மூன்று. இரண்டு ஏக்கரில் மரவள்ளியும், நிழல் மரங்களில் ஏற்றிய மிளகும் அவள் குடும்பத்துக்குச் சோறு. கொல்லிமலையில் ஒவ்வொரு நாடும் ஒரு பஞ்சாயத்து. ஒரு நாட்டுக்குள் பத்துப் பதினைந்து சின்ன ஊர்கள் மேட்டிலும் பள்ளத்திலும் சிதறிக் கிடக்கும். அவள் பதவிக்கு வந்தபோது, எல்லாத் தலைவிகளுக்கும் போல இவளுக்கும் பின்னால் புருஷன் உட்கார்ந்திருப்பான் என்றுதான் எதிர்பார்த்தார்கள். அவள் கணவன் சின்னக்கண்ணு அலுவலகத்துப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. எந்தத் தாளையும் இரண்டு தடவை படிக்காமல் பாவாயி கையெழுத்துப் போடமாட்டாள் என்று அவளுக்கு ஒரு பெயர் உண்டு.

வராந்தாவில் பின்னாலேயே வந்தார் குடிநீர்த் திட்ட இன்ஜினியர் செந்தில்நாதன். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்னங்கம்மா இது? உங்களக் காப்பாத்தத்தானே இப்படி எழுதியிருக்கோம்."

"என்னயவா? குழிக்குள்ள கெடந்தது நானுங்களா?"

"நீங்க குடுத்த லெட்டர் என் பீரோவுலதான் இருக்கு. அத வெளிய எடுத்தா உங்க பதவி போகும், கேஸ் வரும். என் வேலைக்கும் ஆபத்து. எல்லாத்துக்கும் மேல, உங்க ஊசிக்கல்லுக்கு வர்ற குழாய் நின்னு போயிரும். நர்சம்மாவுக்கு என்ன, ஒரு மெமோ. பதில் எழுதுனா முடிஞ்சு போற விஷயம்."

பாவாயி படியிறங்கிப் போனாள்.

ஊசிக்கல் அவளுடைய ஊர். அறுபத்து மூன்று வீடு. தை பிறந்தால் மேலோடை வற்றிவிடும். அதிலிருந்து கோடைமழை வரும்வரை, மருதூர் நாட்டு எல்லைக்குள் இருக்கும் கிணற்றுக்குத்தான் குடத்தைத் தூக்க வேண்டும். இறங்க முக்கால் மணி நேரம், சுமையோடு ஏற ஒரு மணி நேரத்துக்கும் மேல். வீட்டுக்கு வீடு குழாய் போட உத்தரவு வந்தபோது கிணறு ஒரு நாட்டில் இருந்தது, வீடுகள் இன்னொரு நாட்டில் இருந்தன.

"எங்க காட்டு வழியா கொழாய் போவுட்டும். ஆனா எங்க பள்ளத்தூருக்கும் ஒரு கெளைக்கொழாய் போட்டுட்டுப் போங்க" என்றார் அர்த்தனாரி. அதெல்லாம் அடுத்த கட்டத்தில்தான் என்றார்கள் அதிகாரிகள். அப்படியானால் என் காட்டில் கடப்பாரை படக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. மலையின் பெரிய ஊரான செம்மேட்டிலிருந்து வரும் பஸ் வேங்கூரோடு திரும்பிவிடும். அதை இன்னும் இரண்டு மைல் பள்ளத்தூர் வரைக்கும் விடும்படி மருதூர்க்காரர்கள் கேட்டபோது, பஸ் திரும்பும் இடம் எங்கள் ஊராகவே இருக்கட்டும் என்று முட்டுக்கட்டை போட்டது வேங்கூரின் பழைய தலைவர்தான்.

குழாய்க்குக் கடைசியில் மிஞ்சிய வழி ரோடுதான். வேங்கூரிலிருந்து பள்ளத்தூர் போகும் அந்த ரோட்டில், ஒற்றைப் பலாமரம் நிற்கும் வளைவை ஒட்டி நானூறு மீட்டர் தூரம் யாருடைய கணக்கிலும் கிடையாது. எங்கள் ரோடு அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது, மிச்சம் பஞ்சாயத்துடையது என்பார்கள் ரோட்டுக்காரர்கள். வேங்கூர்ப் பதிவேட்டைப் பிரித்தால் அது மருதூருடையது. மருதூர்ப் பதிவேட்டில் அது வேங்கூருடையது. மண் சரிந்தால் அள்ள ஆள் கிடையாது. ஒரு கூடை மண்ணைப் போட்டவன் தலையிலேயே ரோடு முழுவதும் விழுந்துவிடும் என்று இரண்டு பக்கமும் பயம்.

போன சித்திரையில் செந்தில்நாதன் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்தார். 'மேற்படி சாலை எமது பஞ்சாயத்துக்குச் சொந்தமானது. குழாய் பதிக்கத் தோண்டுவதில் எமக்கு ஆட்சேபணை இல்லை.'

பாவாயி இரண்டு தடவை படித்தாள்.

"இது எங்குதுன்னு எந்த ரிஜிஸ்டர்லயும் இல்லீங்களே?"

"யாருதுன்னு அளந்து முடிவு பண்ண எட்டு மாசம் ஆகும். வர்ற தையோட உங்க பதவி முடியுது. பதினஞ்சே நாள், தோண்டுவோம், பதிப்போம், மூடிருவோம்."

அன்று காலையில் அவளும் இரண்டு நடை தண்ணீர் சுமந்துவிட்டுத்தான் அலுவலகம் வந்திருந்தாள். கழுத்தெலும்பு வலித்தது. தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டு, பஞ்சாயத்து சீலும் வைத்தாள்.

ஆடியில் இயந்திரம் வந்து தோண்டியது. ஒத்தப்பலா வளைவில் ரோட்டைக் குறுக்கே வெட்டி, வெளியோரம் மூன்றடி மட்டும் விட்டுவைத்தார்கள். குழாய் வரவில்லை. காண்ட்ராக்டர் வேறு வேலைக்குப் போய்விட்டார். பள்ளத்தூருக்குப் பிக்கப் வண்டி போவது நின்றது. மிளகு மூட்டையையும் பலாப்பழத்தையும் வேங்கூர் வரைக்கும் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார்கள். பாவாயி வாரத்துக்கு நான்கு தடவை போன் போட்டாள். குழாய் பதிக்காமல் மூடினால் மறுபடி தோண்ட எஸ்டிமேட் போட வேண்டும் என்றார் செந்தில்நாதன். எங்கள் ரோடே இல்லை என்றார் ரோட்டு இன்ஜினியர். ஒரு பீப்பாயை வைத்துச் சிவப்புத் துணி கட்டினார்கள். ஆவணிக் காற்று துணியைக் கொண்டுபோனது. பீப்பாயை யாரோ கொண்டுபோனார்கள்.

பஞ்சாயத்து ஆட்களை வைத்து அவளே மூடியிருக்கலாம். அதற்கு இது எங்கள் ரோடு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். கடிதத்தில் எழுதிக் கொடுத்தவள், புத்தகத்தில் எழுதத் துணியவில்லை.

ஐப்பசி இரண்டாவது வாரம், புதன்கிழமை காலை ஒன்பதரை மணி. மூன்று நாள் மழைக்குப் பிறகு குழி நிரம்பி, ரோட்டு மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. பார்த்தால் சாதாரண மழைத்தண்ணீர். அந்த வழியாகப் பள்ளத்தூர்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட ஸ்கூட்டரில் வந்தார் நர்ஸ் கலைமணி. இராசிபுரத்துக்காரர். ஆறு வருடமாக இரண்டு நாட்டுக்கும் அவர்தான் நர்ஸ். வழக்கமாகப் போகும் வெளியோரத்து மூன்றடி மண் அன்று சரிந்து போயிருந்தது. வண்டி அவரோடு சேர்ந்து உள்ளே போனது.

மாடு ஓட்டி வந்த பள்ளத்தூர்க்காரர்கள் பார்த்து, கைகொடுத்துத் தங்கள் பக்கத்துக் கரையில் இழுத்துப் போட்டார்கள். தொடையெலும்பு முறிந்திருந்தது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டவன் மருதூர் நாடு என்று சொன்னான். வண்டி மருதூருக்குப் போய்விட்டது. அங்கிருந்து பள்ளத்தூருக்கு ஒற்றையடிப் பாதைதான். திரும்பிச் சுற்றிக்கொண்டு வேங்கூர் வழியாக வளைவுக்கு வந்து சேர ஒன்றே முக்கால் மணி நேரம். வந்தும் குழிக்கு வேங்கூர்ப் பக்கமே நின்றது. பலகை போட்டு, போர்வையில் கிடத்தி, நான்கு பேர் தூக்கிக் குழியைத் தாண்டவைத்தார்கள்.

கூட்டத்திலிருந்து கையெழுத்துப் போடாமல் வந்த மறுநாள், பாவாயி முதல் பஸ்ஸிலேயே மலையிறங்கி நாமக்கல் போனாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கலைமணியின் கால் கம்பி பொருத்தி உயரத் தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. பாவாயியைப் பார்த்ததும் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தார்.

"படிங்க தலைவரம்மா. சத்தமா படிங்க."

பாவாயி மனசுக்குள் படித்தாள். பெட்டியிலிருந்த தடுப்பு மருந்து வீணானதற்கு மூன்று நாளைக்குள் விளக்கம் கேட்டிருந்தது. வண்டியைக் கவனமின்றி ஓட்டியதாகத் தெரியவருவதால், விடுப்பைப் பணிக்கால விபத்தாகக் கருத இயலாது என்றும் இருந்தது.

"கழுத்தளவு தண்ணில கெடந்தேன். கால் எங்க இருக்குன்னே தெரியல. அப்பவும் அந்தப் பெட்டிய ஒரு கையில தூக்கிப் புடிச்சிருந்தேன், தண்ணி உள்ள போயிரக் கூடாதுன்னு. கேளுங்க, என்னத் தூக்கினவங்களக் கேளுங்க" என்றார் கலைமணி. "அப்புறம் அடிவாரம் காரவள்ளி வரைக்கும் எழுபது வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் எலும்பும் எலும்பும் உரசுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. முப்பதுக்கு மேல எண்ண முடியல, மயங்கிட்டேன். எழுந்து பாத்தா நான் குத்தவாளி."

"நர்சம்மா…"

"யாரு அந்தக் குழிய வெட்டச் சொன்னது? அத மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அந்த ஆள நான் ஒரு தடவ பாக்கணும்."

பாவாயி தாளை மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"எழுதிக் குடுத்தது நானுங்க. ரோடு எங்குது, தோண்டிக்கோங்கன்னு சித்திரையில கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். தண்ணி வரும்னு போட்டேன்."

கட்டிலருகே நின்றிருந்த கலைமணியின் கணவர் கையிலிருந்த பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டுப் பாவாயியை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெளிய போங்க" என்றார் கலைமணி.

பாவாயி கதவருகே போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "பள்ளத்தூர்ல ஏழு குழந்தைங்களுக்கு அன்னிக்கு ஊசி போடல. அதையாவது யாராவது பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. பாவாயி ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே செம்மேட்டு சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டு, நாலு பேரிடம் சண்டை போட்டு, அடுத்த புதன்கிழமை வேறு நர்சை நடந்தே பள்ளத்தூருக்கு அனுப்ப ஏற்பாடு செய்த பிறகுதான் பஸ் ஏறினாள். பஸ்ஸில் அவளுக்கு அழுகை வரவில்லை. செந்தில்நாதன் மேல் வந்த ஆத்திரம், ரோட்டு இன்ஜினியர் மேல் தாவி, அர்த்தனாரி மேல் தாவி, சுற்றிச் சுற்றி அவளிடமே வந்து நின்றது.

செந்தில்நாதன் போன் போட்டிருப்பார்போல; ஊருக்குள் விஷயம் அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றார்கள். பக்கத்து வீட்டு வனிதா தண்ணீர்க் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே கேட்டாள்.

"ஏனுங்கக்கா, லெட்டர வெளிய காட்டப் போறீங்களாமா?"

"ஆமா."

"காட்டுனா கொழாய் வராதாமா?"

"வராதுன்னுதான் சொல்றாங்க."

"நர்சம்மா காலு ஆறு மாசத்துல ஒட்டிக்கும். நமக்குத் தண்ணி இந்த வருசம் போனா எப்பங்கக்கா வரும்? எம்மகளும் கொடந் தூக்கோணுமா?"

"அப்ப அந்தம்மா மேல பழியப் போட்டுட்டுக் குடிக்கலாங்கிறியா? எறங்குமாடி உனக்கு?"

"எறங்கும்" என்றாள் வனிதா. "தொண்ட காஞ்சு கெடக்குது, எறங்கும்."

பாவாயிக்கு அறையலாம் போலிருந்தது. அடுத்த நிமிடம், சித்திரையில் தானும் இதையேதான் நினைத்தோம் என்று தோன்றியது. அது இன்னும் எரிச்சலைத்தான் கொடுத்தது. பெண்கள் கலைந்து போனார்கள். போகிறபோது ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்த சின்னக்கண்ணு அடுப்படியிலிருந்தே சொன்னான்: "சொல்றதுன்னா முழுசாச் சொல்லிப்போடு. பாதி சொல்லி மாட்டிக்காத." அந்த விஷயத்தில் அவன் சொன்னது அவ்வளவுதான்.

கார்த்திகையில் பெரிய கூட்டம் ஒன்று நடந்தது. மலை நாடுகளுக்கெல்லாம் சேர்த்துத் தண்ணீருக்கும் போக்குவரத்துக்கும் மக்கள் பாதுகாப்புக்கும் ஒரே திட்டம் போடப்போவதாகப் பேனர் கட்டியிருந்தார்கள். மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். பைல் நாடு, திண்ணனூர் நாடு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் தலைவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் படம் ஓடியது. அருவிக்குப் போகிறவர்களுக்கு வண்டி நிறுத்தும் இடம், காட்சிக் கோபுரம், வளைவுகளில் ஒளிரும் பலகை. பிறகு வரைபடம் வந்தது. நீலக் கோடு தண்ணீர், சிவப்புக் கோடு ரோடு.

பாவாயி எழுந்தாள்.

"ஐயா, அந்தச் சிவப்புக் கோடு வேங்கூர் தாண்டி நிக்குது. அப்பறம் பள்ளத்தூர்கிட்ட மறுபடி ஆரம்பிக்குது. நடுவுல என்னங்க இருக்குது?"

அதிகாரி படத்தைப் பார்த்தார். ரோட்டு இன்ஜினியரைப் பார்த்தார். "அது இன்னும் வகைப்படுத்தப்படாத பகுதி சார்" என்றார் இன்ஜினியர்.

"அங்கதானுங்க நர்சம்மா விழுந்தாங்க. உங்க படத்துல இல்லாத எடத்துலதான் அவங்க காலு ஒடஞ்சுது."

"அம்மா, அந்த விஷயம் விசாரிச்சு முடிஞ்சது" என்று செந்தில்நாதன் பாதி எழுந்தார்.

"முடியலீங்க. நீங்க உக்காருங்க." பாவாயி பையிலிருந்து பஞ்சாயத்துக் கோப்பில் இருந்த கடித நகலை எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேதியிலிருந்து சீல் வரைக்கும் ஒரு எழுத்து விடாமல் படித்தாள். "இதுல இருக்கிறது என் கையெழுத்து. ரோடு எங்குதில்லைன்னு தெரிஞ்சேதான் போட்டேன். இவர் தெரிஞ்சேதான் வாங்குனார். பதினஞ்சு நாள்ல மூடறதாச் சொன்ன குழி நாலு மாசமாத் தொறந்து கெடக்குது. நான் மூடல, இவர் மூடல, ரோட்டுக்காரங்க மூடல. நர்சம்மா வேலைக்குத்தான் போனாங்க. அவங்க கவனமில்லாமப் போனாங்கன்னு எழுதுன தாள இப்பவே கிழிக்கோணும். என்னய என்ன பண்றீங்களோ பண்ணிக்கோங்க."

அர்த்தனாரி நாற்காலி பின்னால் விழ எழுந்தார்.

"ஏம் புள்ள! எங்க ரோட்ட உம்முதுன்னு எழுதிக் குடுத்தியா?"

"உங்க ரோடா? ஏனுங் மாமா, உங்க ரிஜிஸ்டர்ல அது எங்குதுன்னுதான எழுதி வெச்சிருக்கீங்க?"

"பலாமரத்துக்கு அங்கிட்டு எங்க எல்லை! எங்க தாத்தன் காலத்துல இருந்து எங்க எல்லை!"

"எல்லை உங்குதுன்னா குழியும் உங்குதுதான்! நாலு மாசமா உங்க சனம் மூட்டையத் தலையில சொமந்துட்டு வந்துச்சே, அப்ப எங்க போச்சு எல்லை? ஏழு புள்ளைங்களுக்கு ஊசி இல்லாமப் போச்சே, அப்ப? முத ஆளாக் கையெழுத்துப் போட்டீங்களே, நர்சம்மா மேல தப்புன்னு! உங்க ஊருக்குத்தான அவங்க வந்தாங்க!"

அதிகாரி மேசையைத் தட்டி, "இது திட்டக் கூட்டம். தனிப்பட்ட பிரச்சினைகளை இங்கே பேசக்கூடாது" என்றார்.

"இதவிடத் திட்டம் வேற என்னங்க இருக்குது?" என்று பாவாயி கத்தினாள். தன் குரல் அவ்வளவு உயரும் என்று அவளுக்கே தெரியாது. "தண்ணி ஒரு நாட்டுல, ஊடு ஒரு நாட்டுல. பஸ்சு ஒரு எடத்துல நிக்குது, சனம் ஒரு எடத்துல நிக்குது. ஆம்புலன்சு நாட்டுப் பேரக் கேட்டு எதிர்த்திசையில போவுது. நீங்க கோபுரம் கட்டி எதப் பாக்கப் போறீங்க?"

வட்டார வளர்ச்சி அலுவலர் சுமித்ரா அதுவரை தலைநிமிரவில்லை. இப்போது கூட்டக் குறிப்புப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, "தலைவர் சொன்னதை அப்படியே பதிவு பண்றேன் சார்" என்றார். அதிகாரி வேண்டாம் என்பதுபோல் கையை அசைத்தார். சுமித்ரா எழுதிக்கொண்டே இருந்தார். கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிக் குறிப்போடு இணைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பாவாயி மண்வெட்டியோடு ஒத்தப்பலா வளைவுக்குப் போனாள். சின்னக்கண்ணு வந்தான். வேங்கூரிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஊசிக்கல்லிலிருந்து ஒருவரும் வரவில்லை. முந்தின நாள் மாலையே தீர்மானப் புத்தகத்தில், இந்த ரோடு எமது பராமரிப்பில் உள்ளது என்று எழுதியிருந்தாள். நால்வரும் தண்ணீரை இறைத்துவிட்டுக் கல்லைப் போடத் தொடங்கினார்கள்.

ஒன்பது மணிக்குப் பள்ளத்தூர்ப் பக்கமிருந்து டிராக்டர் சத்தம் கேட்டது. அர்த்தனாரி பதினைந்து ஆட்களோடு வந்து இறங்கினார்.

"நிறுத்து! பலாமரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லு போடக் கூடாது நீ."

"ஏன், ரோடு உங்களோடதாயிருமா?"

"ஆமா. எங்குதுதான். நாங்க போட்டுக்கறோம்."

கயிறு பிடித்து அளந்தார். குழி சரிபாதியாகப் பிரிந்தது. இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பார்க்காமல் கல்லையும் மண்ணையும் கொட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய பாறை யார் பாதியில் இருக்கிறது என்று கால் மணி நேரம் சண்டை நடந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு ரோடு ரோடாக இருந்தது. அர்த்தனாரியின் டிராக்டர் அதன்மேல் முன்னும் பின்னும் நாலு தடவை ஓடி மண்ணை அழுத்தியது.

கையைக் கழுவிக்கொண்டே அவர் சொன்னார்: "அம்மிணி, அந்தத் தாள்ல படிச்சுப் பாக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன். நர்சம்மா எங்க சின்னவனுக்கும் ஊசி போட்டவங்க."

"அத அவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க. எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு?"

அவர் போய்ச் சொன்னாரா என்று பாவாயிக்குத் தெரியாது. ஆனால் மார்கழியில், பஞ்சாயத்துகள் கலைவதற்குப் பத்து நாள் முன்பு, தன் கிளார்க்கிடம் ஒரு தாள் கொடுத்தனுப்பினார். குழாய் மருதூர்க் காட்டு வழியாக வரலாம். பள்ளத்தூருக்குக் கிளைக்குழாய் வேண்டும். பஸ் வேங்கூரில் நிற்காமல் பள்ளத்தூர் வரை வர வேண்டும். ஆம்புலன்சுக்கு ஒத்தப்பலா வளைவு என்ற பேரையே இடமாகக் குறிக்க வேண்டும். பாவாயி இரண்டு தடவை படித்தாள். பஸ் விஷயத்தில் வேங்கூரில் ஏச்சு விழும் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டாள். இரண்டு பஞ்சாயத்தும் ஒரே தீர்மானத்தை எழுதியது அந்த மலையில் அதுவே முதல் தடவை என்று கிளார்க் சொன்னான்.

கலைமணியின் மெமோ ரத்தானது. விபத்து பணியின்போது நடந்ததாக ஒப்புக்கொண்டார்கள். தாங்குகட்டையோடு நடக்கத் தொடங்கியவர் இராசிபுரத்துக்கே மாற்றல் வாங்கிக்கொண்டார். பாவாயியின் போனை ஒருநாளும் எடுக்கவில்லை. செந்தில்நாதன் வேறு மாவட்டத்துக்குப் போனார். பாவாயிக்கு, பொய்ச் சான்று கொடுத்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று நோட்டீஸ் வந்தது. தெரிந்தே கொடுத்தேன் என்று ஒரே வரியில் பதில் எழுதினாள். அது விசாரணைக்கு வருவதற்குள் பதவிக்காலம் முடிந்தது. குழாய் வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. தையில் ஓடை வற்றியது. குடத்தோடு இறங்குகிற பெண்கள் வரிசையில் பாவாயியும் போனாள். வனிதா அவளோடு பேசவில்லை. பின்னால் வருகிறவளுக்கு முள்கிளையை விலக்கிப் பிடிக்கிற பழக்கத்தை மட்டும் வனிதா விடவில்லை.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை, பாவாயியும் அர்த்தனாரியும் அந்தத் தீர்மானத்தையே மனுவாகக் கொடுக்க நாமக்கல் கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். பஸ்ஸில் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்து, யார் முதலில் பேசுவது என்று எழுபது வளைவும் சண்டை போட்டுக்கொண்டே இறங்கினார்கள். வரிசையில் மூன்று மணி நேரம் நின்றார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மனுவை வாங்கக் கை நீட்டியபடியே கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் இப்ப என்ன பதவியில இருக்கீங்க?"

"ஒண்ணுலயும் இல்லீங்க" என்றார் அர்த்தனாரி.

"பதவியில இருந்தப்பவும் இதே தாளத்தான் குடுத்தோம்" என்றாள் பாவாயி. "அப்பவும் படிக்காம வாங்கி வெச்சீங்க."

அவர் தாளின் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். பாவாயி விடவில்லை.

"படிங்க. நாங்க நிக்கறோம். படிச்சுட்டு வாங்கிக்கோங்க."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. போலீஸ்காரர் ஒருவர் இரண்டு அடி முன்னால் வந்தார். அர்த்தனாரி அவருக்கும் பாவாயிக்கும் நடுவில் நகர்ந்து நின்றுகொண்டார். மேசைக்காரர் கொஞ்ச நேரம் பாவாயியின் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, அவள் விரல்கள் பிடித்திருந்த தாளை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.